ஊரே விளக்கணைத்த வாரம்

என் மனைவிக்கு ஊரில் லைட்டம்மா என்று பெயர். நகர்மன்றத் தலைவர் என்ற பதவி அவளுக்கு இருந்தும், அலுவலக வாசலில் மனுவோடு நிற்கிறவர்கூட "லைட்டம்மா உள்ள இருக்காங்களா?" என்றுதான் கேட்பார். அவள் அதற்குக் கோபித்துக்கொண்டதில்லை. அந்தப் பெயரை வாங்க அவள் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

அதற்கு முன்னால் அவள் தையல் ஆலையில் மேற்பார்வையாளராக இருந்தாள். ஆலை ஊருக்கு வெளியே, மலைக்குப் போகும் சாலையில் இருக்கிறது. பொழுது சாயும் நேரத்தில் ஷிப்டு முடிந்து பெண்கள் அந்தச் சாலையில் கூட்டமாக நடந்து வருவார்கள். பேருக்கு ஒரு விளக்குக்கூடக் கிடையாது. ஒரு மழைநாளில், கண்மண் தெரியாமல் வந்த லாரி ஒன்று அவளுடைய உயிர்த் தோழியை இடித்துத் தள்ளிவிட்டுப் போய்விட்டது. தோழி பிழைத்துக்கொண்டாள். இடது காலைத்தான் காப்பாற்ற முடியவில்லை. அந்தத் தோழியை எல்லாரும் ஊசி என்பார்கள். தையலில் கெட்டிக்காரி என்பது ஒரு காரணம். வாயைத் திறந்தால் குத்தும் என்பது இன்னொரு காரணம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடியே அவள் என் மனைவியிடம் சொன்னாள்: "அழுதது போதும். எந்திரிச்சுப் போய் அந்த ரோட்டுக்கு லைட்டு போட வழியப் பாரு."

இவள் எழுந்து போய்த் தேர்தலில் நின்றாள். எல்லாத் தெருவுக்கும் விளக்கு என்பதைத் தவிர வேறு எதையும் பேசவில்லை. ஜெயித்தாள். சொன்னபடியே போட்டாள். ஊர் முழுக்கப் பால் மாதிரி வெள்ளை வெளிச்சம். ஆலைப் பெண்கள் அந்தச் சாலையில் பாட்டுப் பாடிக்கொண்டு நடந்து வந்த முதல் மாலையில், ஊசி ஊன்றுகோலோடு நடுச்சாலையில் நின்று கை தட்டியதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

என் தொழிலும் வெளிச்சம்தான். கடைகளுக்குப் பெயர்ப்பலகை செய்கிறேன். வெறும் பலகை இல்லை. ஓடுகிற எழுத்து, கண் சிமிட்டும் பூ, வட்டம் போடும் நட்சத்திரம். கடைத்தெருவில் நீங்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நடக்க வேண்டியிருந்தால் அதற்கு நான்தான் காரணம்.

இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் என் மனைவியின் தங்கை இருட்டைக் கேட்டு வந்தாள்.

அவளை வீட்டில் சின்னவள் என்போம். இயற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கி, எங்கெங்கோ வேலை பார்த்துவிட்டு, எங்கள் ஊர் மலையில் தொலைநோக்கி கட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அக்கா இருக்கும் ஊர் என்பதற்காக வந்தாளா, தொலைநோக்கிக்காக வந்தாளா என்று நான் ஒருமுறை கேட்டேன். "ரெண்டுக்கும்தான் மாமா. ஆனா தொலைநோக்கி என்னைத் திட்டாது" என்றாள்.

வேலை முடியும் தறுவாயில் எங்களை ஒருநாள் பகலில் கூட்டிப்போய்க் காட்டினாள். தொலைநோக்கி என்றால் நீளமான குழாயும் உருண்டைக் கூரையும் இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். அங்கே கூரையும் இல்லை, குழாயும் இல்லை. மூன்று மாடி உயரத்துக்கு ஓர் இரும்புக் கிண்ணம். அதன் உள்பக்கம் முழுக்க அறுகோணக் கண்ணாடிகள். கிண்ணத்துக்கு எதிரே, நீண்ட இரும்புக் கால்களின் முனையில், மூடி போட்ட ஒரு பெரிய பெட்டி. அதுதான் கேமரா. பக்கத்து மேட்டில் இதேபோல இன்னொன்று. கண்ணாடிகளில் நான் தலைகீழாக, நூறு துண்டாகத் தெரிந்தேன்.

"கூரை போடப் பணம் பத்தலையா?" என்று கேட்டேன்.

"கூரையே எங்களுக்கு வானம்தான் மாமா" என்று சிரித்தாள். பிறகு சொன்னாள்: "நாங்க தேடறது காமா கதிர். அது தரைக்கு வராது. வந்தா நாம யாரும் உயிரோட இருக்க மாட்டோம். காத்து அதைத் தடுத்துடும். மேல காத்துல மோதினதும் அது உடைஞ்சு, பொடிப்பொடியா நிறையத் துகளாக் கொட்டும், மழை மாதிரி. அந்தத் துகளெல்லாம் காத்துல வெளிச்சம் போற வேகத்தைவிட வேகமா ஓடும். அப்படி ஓடும்போது நீலமா ஒரு மினுக்கு வரும். கண்ணை மூடித் திறக்கிற நேரத்தைக் கோடியாப் பிரிச்சா அதுல ஒரு பங்கு நேரம்கூட இருக்காது. அந்த மினுக்கைத்தான் இந்தக் கண்ணாடி அள்ளிக் கேமராவுல போடும்."

"அப்போ நீ பாக்கிறது அந்தக் கதிரை இல்ல. அது விழுந்து உடைஞ்ச சத்தத்தை" என்றாள் என் மனைவி.

சின்னவள் அக்காவை ஒரு கணம் பார்த்தாள். "கிட்டத்தட்ட அதேதான்க்கா."

கேமரா வேலை செய்யத் தொடங்கிய பிறகுதான் தகராறு ஆரம்பித்தது.

ஒரு விடுமுறை நாள் மதியம். சாப்பிட உட்கார்ந்தோம். சின்னவள் தட்டைத் தொடாமல் இருந்தாள். என்ன என்று கேட்டதற்கு, தயங்கித் தயங்கிச் சொன்னாள். ஊர் விளக்குகளின் வெளிச்சம் வானத்தில் பட்டுத் திரும்பிக் கண்ணாடியில் விழுகிறது. அதில் முக்கால்வாசி நீலம் கலந்த வெள்ளை. அவர்கள் தேடும் மினுக்கும் நீலம். இந்த இரைச்சலில் கேமரா எதற்கெடுத்தாலும் விழித்துக்கொள்கிறது. அதைத் தவிர்க்க அதன் காதைக் கொஞ்சம் அடைத்துவைக்க வேண்டியிருக்கிறது. அப்படி அடைத்தால் மெல்லிய மினுக்குகளெல்லாம் போய்விடுகின்றன.

"சரி, அதுக்கு நான் என்ன பண்ணணும்?" என்றாள் என் மனைவி.

"மலைப் பக்கம் இருக்கிற விளக்கையாவது…"

"அணைக்கணுமா?"

சின்னவள் தலையாட்டினாள்.

"ஏண்டி, எந்த ரோட்டுக்காக நான் வீடு வீடாப் போய்க் கும்பிட்டேனோ, அந்த ரோட்டு லைட்டை நானே அணைக்கணுமா? எங்கயோ இருக்கிற நட்சத்திரத்துக்காகவா? ஊசி கிட்ட நீயே போய்ச் சொல்லு. அவ கால் எங்கே போச்சுன்னு கேளு முதல்ல."

"நான் ஒண்ணும் விளையாட்டுக்குக் கேக்கலைக்கா. இத்தனை வருஷப் படிப்பு, இத்தனை பேர் உழைப்பு…"

"என் உழைப்பு மட்டும் விளையாட்டா?"

நான் நடுவில் புகுந்து, "கொஞ்சம் ஆறப்போடுங்க" என்றேன். இரண்டு பேரும் ஒரே குரலில், "நீங்க சும்மா இருங்க" என்றார்கள். சாப்பாடுதான் ஆறிப்போனது. சின்னவள் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு மலைக்குப் போய்விட்டாள்.

சில நாள் பேச்சு வார்த்தை இல்லை. பிறகு ஒரு சாயங்காலம், ஷிப்டு முடிகிற நேரத்தில், சின்னவள் யாரிடமும் சொல்லாமல் ஆலை வாசலில் போய் நின்றிருக்கிறாள். இதை ஊசிதான் பிறகு எங்களிடம் சொன்னாள். ஊசி இப்போது ஆலை வாசலிலேயே ஒரு சின்னத் தையல் கடை வைத்திருக்கிறாள். சின்னவளைப் பார்த்ததும், "என்ன டாக்டரம்மா, விளக்கை எண்ணிட்டுப் போக வந்தீங்களா?" என்று குத்தியிருக்கிறாள். சின்னவள் பெண்களோடு சேர்ந்து ஊர் எல்லை வரை நடந்திருக்கிறாள். கர்ப்பிணிப் பெண் ஒருத்தி, கைக்குழந்தையைத் தாயிடம் விட்டுவிட்டு வந்த ஒருத்தி, காது மந்தமான ஒருத்தி. பின்னால் வரும் வண்டியின் வெளிச்சத்தை வைத்துத்தான் ஒதுங்குவேன் என்று காது மந்தமானவள் சொன்னாளாம். எல்லையில் திரும்பி மறுபடி தனியாக ஆலை வரை நடந்து, ஊசியின் கடையில் போய் உட்கார்ந்து, "நான் கேட்டது தப்பு" என்றாளாம்.

"தப்புன்னு சொல்ல மாட்டேன். கேக்கிற இடம் தெரியாமக் கேட்டுட்டே" என்றாளாம் ஊசி.

அடுத்த வாரம் சின்னவள் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு தகரக் குவளை மாதிரி ஒன்றும், ஒரு மஞ்சள் பல்பும். "அக்கா, அணைக்கச் சொல்லலை. விளக்குக்குத் தொப்பி போடுவோம். வெளிச்சம் ரோட்டுல விழட்டும், வானத்துல விழ வேண்டாம். வெள்ளைக்குப் பதில் மஞ்சள் போட்டா எங்க கேமராவுக்கு அது அவ்வளவாக் கண்ணுல படாது. ரோடு இப்போ இருக்கிறதைவிட நல்லாத் தெரியும். வேணும்னா ஒரு தூணுல போட்டுப் பாரு. பிடிக்கலைன்னா கழட்டி என் தலையில போடு."

ஒரு தூணில் போட்டார்கள். ஊசி அதன் கீழே நின்று ஊசியில் நூல் கோத்துப் பார்த்தாள். முதல் தடவையிலேயே கோத்துவிட்டாள். "தேவலை. கண்ணும் கூசலை" என்றாள். என் மனைவி அதற்கு மேல் யாரையும் கேட்கவில்லை.

மன்றத்தில் ஒருவர் உண்டு. எதைக் கொண்டு வந்தாலும் எழுந்து நின்று ஆட்சேபனை என்பார். அவருக்கு ஆட்சேபனை என்றே பெயர் வைத்துவிட்டோம். அவர் தொப்பிக்கும் ஆட்சேபனை தெரிவித்தார். தீர்மானம் நிறைவேறியது. மலையைப் பார்த்த தெருக்களுக்கெல்லாம் ஒவ்வொன்றாகத் தொப்பியும் மஞ்சள் விளக்கும் வந்தன. சின்னவள் மீண்டும் எங்கள் வீட்டில் சாப்பிட ஆரம்பித்தாள்; முன்னைவிடக் கொஞ்சம் அதிகமாகவே.

இது நடந்து சில மாதம் கழித்து, ஒரு காலை வேளையில், சின்னவள் வீட்டுக்கு வராமல் நேரே நகர்மன்ற அலுவலகத்துக்குப் போனாள். அங்கே வரிசையில் நின்றாள். அன்று நான் அலுவலகப் பலகையை மாற்ற அங்கே இருந்தேன். அவள் முறை வந்ததும் உள்ளே போய், "வணக்கம் தலைவர்" என்றாள்.

என் மனைவி நிமிர்ந்து பார்த்தாள். "என்னடி கூத்து இது?"

"கூத்து இல்ல. தங்கச்சியாக் கேட்டா நீ திட்டுவே. ஊர்க்காரியாக் கேக்க வந்திருக்கேன்."

விஷயம் இதுதான். எங்கோ தொலைதூரத்தில் உள்ள ஒரு விண்மீன் மண்டலம் திடீரென்று சீறத் தொடங்கியிருந்தது. அதன் நடுவில் இருக்கும் கருந்துளை எதையோ விழுங்கிவிட்டு, நம் பக்கமாக நெருப்பைக் கக்குகிறது. வானத்தில் சுற்றும் செயற்கைக்கோள் ஒன்று அதைக் கவனித்து உலகத்துக்கே தகவல் சொல்லிவிட்டது. ஆனால் அந்த மண்டலம் இந்தப் பருவத்தில் பொழுது சாய்ந்தவுடன் கொஞ்ச நேரம்தான் தெரியும். அப்புறம் அடிவானத்தில் இறங்கிவிடும். மற்ற பெரிய தொலைநோக்கிகள் உள்ள இடங்களில் அது பகலிலேயே இறங்கிவிடும், அல்லது மழைக்காலம். உலகத்தில் அதைப் பார்க்கக்கூடிய காமாத் தொலைநோக்கி இப்போதைக்கு எங்கள் மலையில் இருப்பது மட்டும்தான்.

"அது இறங்கிற இடம் சரியா நம்ம ஊருக்கு மேல" என்றாள் சின்னவள். "தாழ்வா இருக்கிறதால மினுக்கு ரொம்ப மெல்லிசா வரும். தொப்பி போட்டும் பத்தாது. இந்த ஒரு வாரம், இருட்டினதும் ஒரு மணி நேரம், ஊர் முழுக்க அணையணும். கடைத்தெருவும் சேர்த்து. முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிடு. நான் வருத்தப்பட மாட்டேன்."

"பொய் சொல்லாதே. நீ வருத்தப்படுவே" என்றாள் என் மனைவி. நாற்காலியில் சாய்ந்து கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தாள். பிறகு அன்று மதியமே மன்றக் கூட்டத்தைக் கூட்டினாள்.

கூட்டத்தில் ஆட்சேபனை எழுந்தார். "விளக்கு போடறேன்னு ஓட்டு வாங்கிட்டு, இப்போ தங்கச்சிக்காக விளக்கை அணைக்கிறாங்க. ஊர் சிரிக்கும்."

பார்வையாளர் வரிசையிலிருந்து ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு ஊசி எழுந்தாள். அவளுக்குப் பேச உரிமை இல்லைதான், யாரும் தடுக்கவில்லை.

"இருட்டுல என்ன நடக்கும்னு இந்த அறையில என்னைவிட நல்லாத் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா முன்னாடி வரட்டும்" என்றாள். அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள். "சரி. நான் சொல்றேன், அணைங்க. ஆனா அந்த ஒரு மணி நேரம் எந்தப் பொம்பளையும் ரோட்டுல நடக்கக் கூடாது. வண்டி வரணும். ஷிப்டு முடிஞ்சு வர்ற ஒவ்வொருத்தியும் வீட்டு வாசல்ல இறங்கணும். ஆஸ்பத்திரி விளக்கு எரியணும், ஜன்னலை மூடிக்கட்டும். இதெல்லாம் நடந்தா அணைங்க. அந்தப் பொண்ணு பாக்கட்டும். உலகத்துல வேற யாராலயும் பாக்க முடியாததை நம்ம ஊரு பாக்கப் போகுதுன்னா, நான் குறுக்க நிக்க மாட்டேன்."

ஆட்சேபனைகூட ஆதரவாகக் கை தூக்கினார்.

அடுத்த நாள் முழுக்க ஊர் அல்லோலகல்லோலப்பட்டது. பள்ளிக்கூட வண்டிகளை மாலைக்குக் கேட்டு வாங்கினார்கள். என் மனைவி ஒலிபெருக்கி கட்டிய வண்டியில் தெருத்தெருவாகப் போனாள். கடைத்தெரு என் பொறுப்பு. நகைக்கடைக்காரர் கையைப் பிசைந்தார். மருந்துக்கடைக்காரர் உடனே சரி என்றார். செல்போன் கடைக்காரர் மட்டும், "உங்க பலகைக்குத்தானே காசு கொடுத்தேன், எரியத்தானே வாங்கினேன்" என்றார். அவருக்குப் புதுப் பலகை ஒன்று சும்மா செய்து தருவதாகச் சொல்லி வழிக்குக் கொண்டு வந்தேன்.

முதல் மாலை. பொழுது சாய்ந்தது, ஊர் அணைந்தது. அதே நேரத்தில் மேற்கிலிருந்து ஒரு மேகம் வந்து மலைக்கும் ஊருக்கும் நடுவில் போர்வை போர்த்தியது மாதிரி படுத்துக்கொண்டது. ஒன்றும் தெரியவில்லை. மக்கள் வாசலில் உட்கார்ந்து கொசு அடித்தார்கள். மறுநாள் காலை டீக்கடையில் ஆட்சேபனை, "கருந்துளையை எங்கேயோ தேடுறாங்க, ஊரே கருந்துளையா இருக்கு" என்று சொல்லிச் சிரித்தாராம். என் மனைவியின் முகம் அன்று முழுக்க இறுகியிருந்தது. "இன்னிக்கும் மேகம் வந்தா?" என்று கேட்டேன். "வந்தா நாளைக்கும் அணைப்போம்" என்றாள்.

இரண்டாம் மாலை வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. நானும் அவளும் மொட்டை மாடியில் நின்றோம். விளக்குகள் தெருத்தெருவாக அணைந்தன. எனக்கு வயது ஐம்பதை நெருங்குகிறது. என் ஊருக்கு மேல் அத்தனை நட்சத்திரம் இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. தெருவில் குழந்தைகளின் கூச்சல் அடங்கி, எல்லாரும் அண்ணாந்து பார்ப்பது அந்த இருட்டிலும் தெரிந்தது.

அப்போது கடைத்தெருவின் நடுவில் ஒரே ஒரு பலகை பளிச்சென்று எரிந்தது. சிவப்பு, பச்சை, நீலம். நட்சத்திரம் வட்டம் போட்டது. எழுத்து வலமிருந்து இடம் ஓடியது.

"யாரு அந்தப் பாவி?" என்றாள் என் மனைவி.

அது என் கடை. எல்லார் பலகையையும் அணைக்கச் சொன்னவன், என் பலகை தானாக எரியும்படி நானே கட்டிவைத்த கருவியை முதல் மாலை நிறுத்தியதோடு சரி, அன்று மறந்துபோயிருந்தேன். ஊரே கத்தத் தொடங்கியது. நான் செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். வழியில் ஒவ்வொரு வாசலிலிருந்தும் ஒரு வாழ்த்து. கடைக்குப் போய்ச் சேர்ந்து, சாவி கிடைக்காமல், வெளியே தொங்கிய மின்கம்பியை இணைப்பிலிருந்து பிடுங்கினேன். கைதட்டல் கிளம்பியது. அந்த வாரம் ஊரில் அதிகம் கைதட்டல் வாங்கியவன் நான்தான்.

அடுத்த மாலை சின்னவள் எங்களை மலைக்குக் கூப்பிட்டிருந்தாள். ஊர் அணைவதை நான் மேலிருந்து பார்த்தேன். விளக்குக் கடல் ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல வற்றி, கடைசியில் எதுவும் மிச்சமில்லை. சாலையில் பள்ளிக்கூட வண்டிகளின் முன்விளக்குகள் மட்டும் ஆலையிலிருந்து ஊருக்கு ஊர்ந்து போயின. என் மனைவி, அவை வீடு வீடாக நின்று முடியும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பெரிய இரும்புக் கிண்ணங்கள் இரண்டும் சத்தமே இல்லாமல் திரும்பி, தாழ்ந்து, எங்கள் ஊரை நோக்கிக் குனிந்தன.

கட்டுப்பாட்டு அறையில் திரைகள். அவற்றில் அறுகோணப் புள்ளிகளாகக் கேமராவின் படம். நொடிக்கு நொடி வெவ்வேறு கறை தோன்றி மறைந்தது.

"இதோ, பிய்ஞ்சுபோன துணி மாதிரி இருக்கு பாரு, இது சாதாரணத் துகள். இதுதான் ஆயிரக்கணக்கில வரும். குப்பை" என்றாள் சின்னவள். "வட்டமா வந்தா அது தனியாப் போற ஒரு துகள், கண்ணாடியைச் சரிபாக்க உதவும். நாங்க தேடறது… இரு… இதோ! இது!"

திரையில் ஒரு நெல்மணி. மெலிந்து, நீண்டு, ஒழுங்காக, ஒரு பக்கமாகச் சாய்ந்து. கண் சிமிட்டுவதற்குள் போய்விட்டது.

"அது அந்த மண்டலத்தைப் பாத்துச் சாயுது. ஒண்ணு ரெண்டு தற்செயலா அப்படிச் சாயலாம். நூறு சாஞ்சா?"

அறையின் மூலையில் வேறொரு திரையில், அப்படிச் சாய்ந்தவற்றை எண்ணும் ஒரு வரைபடம். ஓரமெல்லாம் சமமாக இருக்க, ஒரு நுனியில் மட்டும் கட்டம் கட்டமாக ஒரு தூண் எழும்பிக்கொண்டிருந்தது. பக்கத்தில் உள்ள வெறும் வானத்தைப் பார்த்து எண்ணியதில் அந்தத் தூண் இல்லை. என் மனைவி அந்தத் தூணையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு மணி நேரமும் உட்காரவில்லை.

"வந்துருச்சா?" என்று கேட்டாள்.

"வந்த மாதிரி இருக்கு" என்றாள் சின்னவள். "ஆனா இன்னும் சொல்ல மாட்டேன்."

"ஏண்டி? தெரியுதே!"

"உனக்குத் தெரியுது, எனக்கும் தெரியுது. ஆசைப்பட்டுப் பாக்கிற கண்ணுக்கு எல்லாம் தெரியும்க்கா. வாரம் முடியட்டும். என் கணக்கைப் பாக்காத இன்னொரு குழு, தனியா, வேற முறையில கணக்குப் போடட்டும். அதுவும் இதையே சொன்னா அப்புறம் வாயைத் திறக்கிறேன்."

ஆய்வகத் தலைவர் உடனே அறிவித்துவிடலாம் என்று அவசரப்பட்டார். வேறு யாராவது முந்திக்கொள்வார்களோ என்று அவருக்குப் பயம். சின்னவள் அசையவில்லை. "ஊரே இருட்டுல உக்காந்து கொடுத்த தரவு சார் இது. நாளைக்கு இது தப்புன்னு ஆச்சுன்னா, நான் எந்த முகத்தை வச்சுக்கிட்டு அந்த ரோட்டுல நடப்பேன்?" என்றாள். அவர் ஒப்புக்கொண்டார்.

மிச்ச மாலைகளும் ஊர் அணைந்தது. ஆச்சரியம் என்னவென்றால், யாரும் சொல்லாமலே மக்கள் அந்த ஒரு மணி நேரத்துக்கு ஆயத்தமாகத் தொடங்கினார்கள். பாயும் நாற்காலியும் தெருவுக்கு வந்தன. யாரோ ஒருவர் நட்சத்திரக் கூட்டங்களைக் கைகாட்டிக் கதை விட்டார். பாதி பொய் என்று சின்னவள் பிறகு சொன்னாள். ஒரு மாலை ஒருவர் பீடி பற்றவைத்ததற்கு மூன்று வீட்டுக்காரர்கள் சண்டைக்குப் போனார்கள்.

வாரம் முடிந்தது. விளக்குகள் எரிந்தன. பதில் வரவில்லை. நாட்கள் போயின. கடைக்கு வருகிறவன் போகிறவனெல்லாம், "என்ன, நெல்லு முளைச்சுதா?" என்று கேட்டான். என் மனைவி தங்கையிடம் கேட்கவே இல்லை. கேட்டால் அவளை அவசரப்படுத்தியது போல் ஆகிவிடும் என்றாள். ஆனால் வாசலில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அடுப்பை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தாள்.

ஒருநாள் மன்றக் கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போது சின்னவள் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள். தலை கலைந்திருந்தது. என் மனைவி பேச்சை நிறுத்தினாள்.

"வந்துருச்சுக்கா" என்றாள் சின்னவள். "ரெண்டு கணக்கும் ஒண்ணுதான். தற்செயலா இருக்க வாய்ப்பே இல்ல. உலகத்துக்குச் சொல்லிட்டோம். இந்தச் சீற்றத்தைக் காமாவுல பாத்தது நாம மட்டும்தான். நாம மட்டும்தான்க்கா!"

தலைவர், தங்கை என்பதெல்லாம் மறந்து இரண்டு பேரும் மேசைக்கு நடுவில் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். பார்வையாளர் வரிசையிலிருந்து ஊசி கேட்டாள்: "அது எவ்வளவு தூரம், டாக்டரம்மா?"

"வெளிச்சம் அங்கிருந்து கிளம்பினப்போ பூமியில மனுஷனே இல்ல. கடல்ல மீன்தான் இருந்தது."

"அவ்வளவு தூரம் வந்தது, நாம விளக்கை அணைக்கலைன்னா சும்மா போயிருக்கும்" என்றாள் ஊசி. ஆட்சேபனை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அந்த ஆண்டின் இறுதியில் பல நாடுகளிலிருந்து விஞ்ஞானிகள் மலைக்கு வந்து ஒரு கூட்டம் நடத்தினார்கள். என் மனைவியைப் பேசக் கூப்பிட்டார்கள். முந்தின நாள் முழுக்க அவள் எழுதி எழுதிக் கிழித்தாள். "காமான்னா என்னன்னு என்னால விளக்க முடியாதுங்க. தப்பாப் பேசிச் சின்னவ மானத்தை வாங்கிடுவேன்" என்றாள். "நீ பேசு. உனக்குத் தெரிஞ்சதைப் பேசு" என்றேன்.

மேடையில் ஏறினாள். அரங்கம் நிறைய வெளிநாட்டு முகங்கள். முன்வரிசையில் சின்னவளும், அவள் பக்கத்தில் ஊசியும் நானும். மொழிபெயர்க்க ஒருவர் நின்றார்.

"எனக்கு உங்க சாஸ்திரம் தெரியாது" என்று தொடங்கினாள். "எங்க ஊர் தெரியும். எங்க ஊர் பெரிய ஊர் இல்ல. நாங்க தைக்கிறோம், விக்கிறோம், வண்டி ஓட்டறோம். நான் விளக்கு போட்டுப் பேர் வாங்கினவ. என் தங்கச்சி இருட்டைக் கேட்டப்போ சண்டை போட்டேன். அப்புறம் அவ எங்க ரோட்டுல நடந்து பாத்தா, நான் அவ மலையில நின்னு பாத்தேன். அந்தத் திரையில நெல்லு மாதிரி ஒண்ணு வந்தப்போ என் மனசுல பட்டது இதுதான்: இதைப் பாக்க எங்க ஊர்ல ஒவ்வொருத்தரும் கை கொடுத்திருக்காங்க. விளக்கை அணைச்ச கை அது. என் தங்கச்சிக்கு இருக்கிற பெருமை அவளோட. எங்களுக்கு இருக்கிற பெருமை எங்களோட. ரெண்டும் ஒரே அளவுதான். அதுல நான் ஒரு பொட்டுக்கூட விட்டுக்கொடுக்க மாட்டேன். அப்புறம், இங்க வந்திருக்கிற…"

அவள் இன்னும் பேசி முடிக்கவில்லை. வந்தவர்களை வரவேற்று ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஆனால் நான் அடக்க முடியாமல் எழுந்து கை தட்டிவிட்டேன். மொழிபெயர்ப்பாளர் திகைத்து என்னைப் பார்த்தார். அவர் இன்னும் பாதியைக்கூடச் சொல்லியிருக்கவில்லை. ஊசி ஊன்றுகோலால் தரையைத் தட்டினாள். சின்னவள் எழுந்தாள். என் மனைவி என்ன சொன்னாள் என்றே புரியாத அந்த வெளிநாட்டுக்காரர்களும் ஒவ்வொருவராக எழுந்து நின்று தட்டினார்கள்.

மேடையிலிருந்து என் மனைவி என்னை முறைத்தாள். ஆனால் சிரிப்பை அவளால் மறைக்க முடியவில்லை.